பட்டா மாற்றப் போனவர் பாதி வழியில் திரும்பியது ஏன்?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 43. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. ஊரில் காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் அவர் பேரில் இரண்டரை ஏக்கர் இருக்கிறது, மஞ்சள் போடுவோம். அம்மா அங்கேதான் இருக்கிறார், என் ஓட்டும் அங்கேதான். அப்பா உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்ற வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறேன். ஒருமுறை இ-சேவை மையம் வரை போனேன். வாரிசுகள் பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். ஏதோ பேப்பர் விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உண்மையில் எதுவும் விட்டுப்போகவில்லை.

காலையில் எழுந்ததும் காபி, கையில் போன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா வீட்டுக்காரர் தன் கட்சிக்காக ஏதாவது போட்டிருப்பார். பதில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. அப்புறம் ஃபேஸ்புக். முன்பெல்லாம் அவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்போம், ஒரு வருஷமாகத்தான் இந்தச் சண்டை. ஒரு நாளைக்கு ஆறு காபி. கடைசிக் காபி ராத்திரி 10 மணிக்கு, டிவி விவாதத்தோடு. தூங்க ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. அலுவலகத்திலும் ஜிஎஸ்டி ரிட்டர்னை 19ஆம் தேதி ராத்திரிதான் உட்கார்ந்து முடிக்கிறேன். ஃபேஸ்புக்கை அழித்துப் பார்த்தேன், நாலே நாளில் திரும்பப் போட்டுவிட்டேன். அக்கா இதுவரை பங்கு என்று வாயே திறக்கவில்லை. ஊரில் கேட்டால், ‘அவளுக்குத்தான் கல்யாணத்தில் எல்லாம் செய்தாச்சே’ என்கிறார்கள். மனைவி என்னைச் சோம்பேறி என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நாட்டு நடப்பில் அக்கறை காட்டுவது தப்பா? வாய்க்காலில் சாயக்கழிவு கலப்பதைப் பற்றி எழுதினால் நாலு பேராவது படிக்கிறார்கள். காபியை விட்டால் சரியாகிவிடுமா? வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

உளவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முதலில் அந்தச் ‘சோம்பேறி’ பட்டத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். மாதா மாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி ஒரு ரிட்டர்ன் என்று ஓடுகிற வேலை உங்களுடையது. கடைசி ராத்திரியில் உட்கார்ந்தாலும் முடித்துவிடுகிறீர்கள். ஒருவருக்காவது அபராதம் விழும்படி விட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. சோம்பேறிக்கு வேலையைச் செய்யாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கும். உங்களுக்கு அந்தச் சுகம் ஒரு நாளும் கிடைத்த மாதிரித் தெரியவில்லை. காபி குடிக்கும்போதும், குரூப்பில் பதில் எழுதும்போதும், ராத்திரி படுக்கும்போதும் பட்டா நினைப்பு கூடவே இருக்கிறது. இவ்வளவு களைப்பு சோம்பேறிக்கு வராது.

ஜிஎஸ்டிக்கும் பட்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ரிட்டர்னுக்குத் தேதி உண்டு, தாமதக் கட்டணம் உண்டு, கேட்கிற முதலாளி உண்டு. பட்டாவுக்கு இது எதுவும் இல்லை. யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. வெளியிலிருந்து நெருக்கடி வருகிற வேலைகள் எப்படியோ முடிந்துவிடும். நாமாகத் தேதி வைக்க வேண்டிய வேலைகள்தான் வருஷக்கணக்கில் கிடக்கும். உடம்புக்குச் செய்ய வேண்டிய பரிசோதனை, உறவினரிடம் பேச வேண்டிய ஒரு பேச்சு, சொத்துப் பத்திரம் எல்லாம் இந்த வகைதான். வாழ்க்கையில் முக்கியமானவற்றில் பாதிக்கு மேல் இப்படிக் கெடு இல்லாதவை.

ஆனாலும் கெடு இல்லாததே முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் மையம் வரை போயிருக்கிறீர்கள். போக்குவரத்து, வரிசை, அரை நாள் விடுப்பு என்று எல்லாத் தடையையும் தாண்டி கவுண்டர் முன்னால் போய் நின்றிருக்கிறீர்கள். எழுந்து போக முடியாதவர் இல்லை நீங்கள். அந்தப் பெண்ணோ பையனோ, “வாரிசுகள் பெயர் சொல்லுங்க” என்று கேட்ட இடத்தில்தான் கால் பின்வாங்கியது. அந்த ஒரு கேள்விக்கு உங்களிடம் என்ன பதில் இருந்தது? அம்மா பெயர், அக்கா பெயர், உங்கள் பெயர். மூன்றையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் 14 மாதமாகத் தாண்ட முடியவில்லை.

தள்ளிப்போடுவதைப் பற்றி உளவியலில் ரொம்ப காலம் நேர நிர்வாகக் கோளாறு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அட்டவணை போடு, அலாரம் வை என்பதுதான் அறிவுரை. 2013இல் ஃபூஷியா சிரோயி, டிமோதி பிச்சில் என்ற இருவர் இதை வேறு பக்கத்திலிருந்து விளக்கினார்கள். மனிதர் தள்ளிப்போடுவது பெரும்பாலும் வேலையை அல்ல, அந்த வேலையைத் தொட்டவுடன் உள்ளே எழும் சங்கடத்தை என்றார்கள். பயம், குற்ற உணர்ச்சி, துக்கம், ‘நம்மால் முடியுமா’ என்ற சந்தேகம், ஏதோ ஒன்று எழும். வேலையை ஒத்திவைத்த நொடியில் அது அடங்கிவிடும். அந்த நொடி நிம்மதிதான் கூலி. கூலி உடனே கிடைப்பதால் மனம் அதையே திரும்பத் திரும்பச் செய்யப் பழகிவிடும். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் தினம் பார்ப்பதும் இதுதான். ‘என்னால் வேலை செய்ய முடியவில்லை’ என்று வருவார்கள். பேசப் பேச, தொட முடியாத ஒரு உணர்ச்சி வெளியே வரும்.

உங்கள் விஷயத்தில் அப்படி இரண்டு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று அப்பா. இறப்புச் சான்றிதழைப் பீரோவிலிருந்து எடுத்து, நகல் போட்டு, விண்ணப்பத்தில் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுத வேண்டும். பட்டாவில் அவர் பெயர் இருக்கிற வரை வயலில் இன்னும் அவர் நின்றுகொண்டிருப்பது போல ஒரு எண்ணம் பிள்ளைகளுக்கு இருக்கும். மாற்றிவிட்டால் முடிந்தே போச்சு. பதினாறு நாள் காரியத்தில் முடியாதது இந்த ஒரு காகிதத்தில் முடிகிறது. இது கனக்கத்தான் செய்யும். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று அக்கா. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ‘அக்கா இதுவரை பங்கு என்று வாயே திறக்கவில்லை.’ எனக்குக் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். அவர் கேட்டிருந்தால் நீங்கள் ‘சரி’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லியிருப்பீர்கள். கேட்காமல் இருப்பதால் பேச்சை நீங்கள் தொடங்க வேண்டியிருக்கிறது. தொடங்கினால் என்ன வரும் என்று தெரியாது. ‘எனக்கு வேண்டாம்’ என்பாரா, ‘என் பங்கு எங்கே’ என்பாரா, ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை’ என்று அழுவாரா? ஊர்க்காரர்கள் சொல்கிற ‘கல்யாணத்தில் செய்தாச்சே’ உங்களுக்குத் திருப்தி தந்திருந்தால் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் வேறு, அப்பா விட்டுப்போன நிலத்தில் மகளுக்குள்ள பங்கு வேறு. சட்டம் என் துறை அல்ல, முழு விவரத்துக்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவரின் சுய சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்துவிட்டது. வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயர் இல்லாமல் விண்ணப்பிப்பது உண்மையை மறைப்பதாகிவிடும். அதனால்தான் அந்தக் கவுண்டரில் உங்களுக்கு நாக்கு எழவில்லை. உங்கள் மனசாட்சி அங்கே சரியாகத்தான் வேலை செய்தது. அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவோம். சண்டை அக்கா வீட்டுக்காரரோடு. தொடங்கி ஒரு வருஷம் என்கிறீர்கள். அப்பா இறந்து 14 மாதம். அதற்கு முன் அதே மனிதரோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்திருக்கிறீர்கள். அவர் கட்சி அப்போதும் அதே கட்சிதானே? அவர் அப்போது உங்களை இவ்வளவு எரிச்சல்படுத்தவில்லை. நீங்கள் பொறுமையாக யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. அக்கா வீட்டிலிருந்து ஒருநாள் பங்குக் கேள்வி வரும் என்ற கலக்கம் உள்ளே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச முடியாது. அரசியலைப் பற்றிப் பேசலாம். அதில் குரலை உயர்த்தலாம், கோபப்படலாம், ‘நான் நியாயத்தின் பக்கம் நிற்கிறேன்’ என்று நினைத்துக்கொள்ளலாம். பேச வேண்டிய வீட்டோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வேறு விஷயத்தை. அந்தப் பக்கமும் இதே கலக்கத்தோடுதான் பதில் வருகிறதோ என்னவோ.

காபியும் அரசியலும் ஒளிந்துகொள்ள மிக வசதியான இடங்கள். சீட்டாடப் போனால் வீட்டில் கேட்பார்கள், குடித்தால் ஊரே கேட்கும். ஒரு டம்ளர் காபியோடு செய்தி படிக்கிறவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவருக்கே தான் எதையாவது தவிர்ப்பதாகத் தெரியாது. அதனால்தான் ஃபேஸ்புக்கை மட்டும் அழித்தது நாலு நாள் தாங்கியது. நீங்கள் அடைத்தது போகிற வழியை மட்டும். துரத்துகிற விஷயம் அப்படியே இருக்கிறது.

அந்த வழியைச் செப்பனிட்டு வைத்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்த ஆசா ரஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடலாம். போனில் கடைசிப் பக்கமே கிடையாது. 2017இல் வெளியான நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று லட்சக்கணக்கான ட்விட்டர் பதிவுகளைப் பார்த்தது. ‘அநியாயம்’, ‘அவமானம்’ என்பது போல நியாய உணர்வையும் ஆத்திரத்தையும் ஒருசேரக் கிளறுகிற சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடியது. அந்தப் பரவலும் பெரும்பாலும் ஒரே கருத்துக்காரர்களுக்குள்ளேயே நடந்தது. அதாவது, நீங்கள் ராத்திரி ஒரு மணிக்கு வார்த்தை வார்த்தையாகச் செதுக்கி எழுதுகிற கண்டனம் உங்கள் பக்கத்தாருக்குத்தான் இனிக்கும். அக்கா வீட்டுக்காரரின் மனதை அது மாற்றப்போவதில்லை.

நாட்டு நடப்பில் அக்கறை காட்டுவது தப்பா என்று கேட்டீர்கள். நிச்சயமாகத் தப்பில்லை. அக்கறையே இல்லாதவர்கள் நிறைந்த ஊரில் உங்களைப் போன்றவர்கள் வேண்டும். காளிங்கராயன் வாய்க்காலில் சாயக்கழிவு கலப்பது உங்கள் அம்மா நிற்கிற வயலில் வந்து பாய்கிற விஷயம். அதைப் பற்றிக் கோபப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? உங்கள் ஓட்டு ஊரில் இருக்கிறது. அதனால் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வாய்க்கால் பற்றி அங்கே எழுந்து பேசி, தீர்மானமாக எழுதச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கழிவுநீரைச் சோதித்த அறிக்கையைக் கேட்கலாம். 30 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். இப்படி ஒரு வேலை செய்கிறவருக்கு ராத்திரி விவாத மேடை தேவைப்படுவது தானாகவே குறைந்துவிடும் என்று நான் நம்புகிறேன். டிவி விவாதம் பார்த்து முடித்த பிறகு உங்கள் கையில் செய்வதற்கென்று எதுவும் இருப்பதில்லை, படபடப்பு மட்டும் மிஞ்சுகிறது.

செய்தியை விட்டு விலகினால் உலகம் தெரியாமல் போய்விடுமே என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். அமெரிக்காவில் 2018 நவம்பர் இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நாலு வாரம், ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து ஃபேஸ்புக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆராய்ந்தார்கள். நிறுத்தியவர்களுக்குச் செய்தி அறிவு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். கூடவே கொள்கை விஷயங்களில் இரு தரப்புக்கும் இடையே இருந்த கருத்து இடைவெளியும் குறைந்தது, மனநிலை சற்றுத் தேறியது, நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் பெரும்பகுதியை அவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் தனியாக டிவி முன்னாலும் கழித்தார்கள். நீங்கள் டிவியை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

காபி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காபியை விட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. ஆனால் கடைசி இரண்டு காபியை விட்டால் மற்றதைச் சரிசெய்யத் தெம்பு வரும்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். ‘போதும், படு’ என்று சொல்வது அதுதான். காஃபின் அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு அப்படியேதான் இருக்கும், அதைச் சொல்கிற மணியை மட்டும் கழற்றி வைத்தது மாதிரி. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். உங்கள் ராத்திரி 10 மணிக் காபியில் பாதி, விடிகாலை 3 மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு நல்ல அளவு காஃபின் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் சங்கடத்தைத் தாங்குகிற சக்தி குறையும். சங்கடத்தைத் தாங்க முடியாதவர் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்ட குற்ற உணர்ச்சியில் இன்னொரு காபி போடுவார். உங்கள் நாள் இந்த வட்டத்தில்தான் சுற்றுகிறது.

ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் வேண்டாம் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவர்கள் கணக்கில் 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மில்லிகிராம் இருக்கிறது. சிக்கரியில் காஃபின் கிடையாது. அதனால் சிக்கரி கலந்த தூள், இரண்டாம் டிகாஷன், பால் தூக்கலாக என்று போட்டால் அளவு குறையும். ஆனாலும் திடமான ஃபில்டர் காபி என்றால் ஆறு டம்ளர் அந்த அளவைத் தாண்டிவிடும். நெஞ்சுப் படபடப்போடு அரசியல் பதிவைப் படித்தால், படபடப்பு பதிவால் வந்தது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். பாதி கோபம் டம்ளரிலிருந்து வந்ததாக இருக்கும்.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஒரு நாளிலேயே தலைவலி பிடித்துக்கொள்ளும், சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும், வேலையைத் தள்ளிப்போட அதுவே இன்னொரு காரணமாகிவிடும். முதலில் 10 மணிக் காபிக்குப் பதிலாகச் சுக்குமல்லிக் காபி போட்டுக் குடியுங்கள். சூடும் காரமும் இருக்கும், தூக்கத்தைக் கெடுக்காது. நாலைந்து நாள் பழகியதும் சாயங்காலக் காபியை எடுங்கள். மதியத்துக்கு மேல் காபி இல்லை என்ற இடத்துக்கு மெதுவாக வந்து சேருங்கள். காலைக் காபியை நீங்கள் விட வேண்டியதில்லை. ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி, டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை காத்திருப்பது நல்ல விஷயம். அந்தப் பத்து நிமிடம் போன் மட்டும் வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும். காபியைக் காபியாகக் குடித்து முடித்த பிறகு போனை எடுங்கள். குடும்பக் குரூப்பை ம்யூட்டில் போட்டுவிடுங்கள். வெளியேற வேண்டாம், அதற்கு ஒரு அர்த்தம் கற்பிப்பார்கள்.

சரி, பட்டாவுக்கு வருவோம். வரிசை முக்கியம். முதலில் மையத்துக்குப் போகாதீர்கள், அக்காவிடம் போங்கள். அவரிடம் பேசாமல் நீங்கள் எத்தனை தடவை கவுண்டருக்குப் போனாலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். அக்கா வீட்டுக்காரர் வழியாகவோ, அம்மாவைத் தூது விட்டோ, குரூப்பிலோ வேண்டாம். போன் போட்டு, நேரில் வருகிறேன் என்று சொல்லுங்கள். என்ன பேசுவது என்று திணறினால் இப்படித் தொடங்கலாம்: “அக்கா, அப்பா பேர்ல இருக்கற பட்டாவ மாத்தோணும். அம்மா, நீங்க, நான், மூணு பேர் பேரும் எழுதோணும். நான்தான் இத்தன நாளாப் பேசாம இருந்துட்டேன். உங்க மனசுல என்ன இருக்குதுன்னு கேக்கத்தான் வந்தேன்.” அவ்வளவு போதும். அதற்கு மேல் நீங்கள் பேசாமல் அவரைப் பேச விடுங்கள். ‘உனக்குத்தான் கல்யாணத்துல செஞ்சோமே’ என்ற வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் அன்றே முடிவு வேண்டும் என்று நிற்காதீர்கள். பங்கு வேண்டும் என்றால் அது அவருடையது, பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. வேண்டாம் என்றாலும் வாய்ப்பேச்சோடு விடாமல், அவர் தானாக மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். யோசிக்க அவகாசம் கொடுங்கள். உங்களுக்கு 14 மாதம் கிடைத்தது அல்லவா?

இதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘சீக்கிரம் பேசிவிட வேண்டும்’ என்பது தேதி ஆகாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஒருமுறை மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சின்ன அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் சொன்னபடி எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் எழுதினார்கள். உறுதி இரண்டு பக்கமும் ஒன்றுதான், இடமும் நேரமும் குறித்ததுதான் வித்தியாசம். உங்களுக்கு 20ஆம் தேதி வரை அலுவலகத்தில் மூச்சு விட முடியாது. ஆகவே 20 கழிந்து வருகிற முதல் ஞாயிறு, காலைக் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். அடுத்த புதன் அரை நாள் விடுப்பு, இ-சேவை மையம். இரண்டையும் அலுவலகக் காலண்டரில் ரிட்டர்ன் தேதிகளை எழுதுகிற அதே பேனாவில் எழுதுங்கள். மனைவியிடமும் சொல்லுங்கள். கூடவே அப்பா நினைப்பும் அக்கா பற்றிய கலக்கமும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஒருவர்தான் தெரிவார்.

போன 14 மாதத்துக்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்வதை இதோடு நிறுத்துங்கள். நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டத் திட்ட அந்த வேலையின் மேல் கசப்பு ஏறும், கசப்பு ஏறியதைத் தொட மனம் வராது.

ஒரு விஷயத்தை மட்டும் நேரில் ஒரு மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். காபியைக் குறைத்து இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். துக்கத்துக்குப் பின்னால் இது சத்தமில்லாமல் வருவதுண்டு, சிகிச்சையில் நன்றாகத் தேறும். சின்ன வயதிலிருந்தே எதையும் தொடங்கி முடிக்க முடியாமல், கவனம் சிதறிக்கொண்டே இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022இல் தொடங்கிய அரசுச் சேவை, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.

புதன்கிழமைக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, உங்கள் மூவரின் ஆதார் ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு முந்தின ராத்திரியே வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வேறு ஏதாவது வேண்டுமா என்று மையத்தில் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு முறை பேப்பர் விட்டுப்போக வேண்டாம். விண்ணப்பித்ததும் ஒரு எண் கொடுப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று அது வட்டாட்சியர் வரை போகும், நடுவில் அவர்கள் விசாரிக்கக் கூப்பிடலாம். அந்த எண்ணை அன்றே அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். குரூப்பில் போடாமல், அவருக்குத் தனியாக.